விற்ற மாட்டுக்கு யார் கயிறு?

ராஜாக்கள் தலையில் கிரீடமும் இடுப்பில் கைப்பேசியுமாகத் திரிந்த காலம் ஒன்று இருந்தது. நம்பாதவர்கள் எழுந்து போகலாம். மற்றவர்கள் கேளுங்கள்.

கருங்கல்பட்டணத்தை ஆண்ட இளவழுதி ராஜாவுக்குக் கோபமும் சீக்கிரம் வரும், சிரிப்பும் சீக்கிரம் வரும். எது முதலில் வரும் என்று சபையில் விகடகவி ஆண்டியப்பர் ஒருவருக்குத்தான் தெரியும். அதனால்தான் அவருக்கு அங்கே சம்பளம்.

அந்த ஊரில் கைப்பேசி விற்கும் உரிமை குபேரசாமி ஒருவருக்கே இருந்தது. ஒருநாள் அவர் பரிசல்காரி செவந்தியைச் சபைக்கு இழுத்து வந்தார்.

“மகாராஜா, என்னிடம் வாங்கிய கைப்பேசியில் வெளியார் செய்த செயலியை ஏற்றியிருக்கிறாள். என் பூட்டை உடைத்திருக்கிறாள். நான் கைப்பேசியை முடக்கிவிட்டேன். ஒப்பந்தப்படி இவள் பரிசல் எனக்கு வந்து சேர வேண்டும்.”

“ஒடைக்காம என்னங்க சாமி பண்றது?” என்றாள் செவந்தி. “ஆத்துல எவ்வளவு தண்ணி வருதுன்னு பாக்க இவரு ஒரு செயலி வச்சிருக்காரு. தொட்டா முதல்ல பட்டுச்சேலை வெளம்பரம், அப்புறம் பல்பொடி, அப்புறம் ஜோசியம். அது முடியறதுக்குள்ள தண்ணி இடுப்புக்கு வந்துருது! எங்க அத்தை மவன் மாரப்பன் ஒண்ணு செஞ்சான். தொட்டதும் சொல்லுது. அதை ஏத்துனேன். காசு குடுத்து வாங்குன போனு என்னுதுதானே?”

“போன் உன்னுடையது. உள்ளே இருப்பது என்னுடையது,” என்றார் குபேரசாமி. “எல்லாம் இவள் பாதுகாப்புக்காகத்தான் மகாராஜா. கண்டவன் செய்ததை ஏற்றினால் நோய் புகுந்துவிடும். நிபந்தனைகளுக்கெல்லாம் ‘சம்மதம்’ என்று இவளே விரலால் அமுக்கியிருக்கிறாள்!”

“அதையெல்லாம் யாருங்க படிச்சா?”

“படிக்காதது உன் குற்றம்.”

ராஜா தாடியைத் தடவினார். சம்மதம் என்று இருக்கிறதே, என்ன செய்வது? “நாளைக்கு உம்முடைய புதுமனை புகுவிழாவுக்கு வருகிறேன். தீர்ப்பு அதற்குப் பிறகு,” என்று எழுந்துவிட்டார்.

ஆண்டியப்பர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மழைக்காலம் தொடங்கப் போகிறது. பரிசல் போனால் செவந்தி வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் ராஜா எழுந்த பிறகு வாயைத் திறந்தால் கோபம் முந்திக்கொள்ளும். அவர் குபேரசாமியின் பின்னால் நடந்தார்.

“விழாவுக்குப் பசு கிடைத்துவிட்டதா?”

“எங்கே! சுழி சுத்தமான பசுவாக ஒன்றும் அகப்படவில்லையே.”

“என் பசுவை எடுத்துக்கொள்ளுமே.”

குபேரசாமி கேட்ட விலைக்கே ஆண்டியப்பர் கொடுத்தார். பேரம் பேசாமல் மாடு விற்பவனைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும். குபேரசாமியோ சந்தோஷப்பட்டார். கிரயச்சீட்டு என்று முப்பது ஓலைகொண்ட கட்டு ஒன்றை ஆண்டியப்பர் நீட்டியபோதும் அவர் பயப்படவில்லை. சமையல்காரர் கூப்பிட்ட அவசரத்தில் கடைசி ஓலையில் கையெழுத்தைக் கீறிவிட்டு ஓடினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பளிங்கு மாளிகை, வாழைமரம், மேளம். ராஜா முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். ஆண்டியப்பர் அழைத்து வந்திருந்த செவந்தி, செத்துப்போன கைப்பேசியோடு பந்தல் ஓரத்தில் நின்றாள். பசுவும் கன்றும் வாசலுக்கு வந்தன.

மாடு கைமாறினால் விற்றவன் தன் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போவான், வாங்கியவன் தன் கயிற்றைக் கட்டிக்கொள்வான். அதுதான் வழக்கம். ஆண்டியப்பர் அவிழ்க்கவில்லை. மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன ஓய் இது? பசு உள்ளே போகட்டும், விடும்!”

“இது நான் ஒப்புக்கொண்ட வாசல் இல்லையே, குபேரசாமி. ஏழாவது ஓலையைப் பாரும். பன்னிரண்டாவது ஓலைப்படி இந்தப் பசு என் கொல்லைப் புல்லைத்தான் தின்னலாம். வெளிப்புல்லில் வாய் வைத்தால் என் தொழுவத்துக்கே ஓட்டிப்போய்விடுவேன். பால் கறக்குமுன் என் மைத்துனர் பாடும் மூன்று பாட்டைக் கேட்டாக வேண்டும். எல்லாம் பசுவின் பாதுகாப்புக்காகத்தான்.”

“பசு என்னுடையது!”

“யார் இல்லை என்றார்கள்? பசு உம்முடையது. உள்ளே இருக்கும் பால் என்னுடையது.”

“முப்பது ஓலையை எவன் ஐயா உட்கார்ந்து படிப்பான்?”

“பத்தரைக்கு ராகு காலம்,” என்று புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். “இன்னும் ஐந்தே நிமிஷம்!”

குபேரசாமிக்கு வியர்த்துக் கொட்டியது. ராஜாவின் முன்னால் ஓடிப்போய் நின்றார்.

“மகாராஜா, நியாயம் சொல்லுங்கள்! விற்ற மாட்டில் விற்றவனுக்கு என்ன பாத்தியம்? எந்த வாசலில் விடுவது, எந்தப் புல்லைப் போடுவது எல்லாம் வாங்கியவன் இஷ்டம் இல்லையா? கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள்!”

ராஜாவின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று கூட்டம் நடுங்கியது. ஆண்டியப்பர் நடுங்கவில்லை.

“வாங்கியவர் சொல்வது நியாயம்தானே, ஆண்டியப்பரே? கயிற்றை அவிழும்.”

“உத்தரவு, மகாராஜா. ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது. செவந்தியின் கைப்பேசியில் இவர் கட்டிய கயிறு என் கயிற்றுக்கு மூத்தது. அது அவிழ்ந்த மறுகணம் இதுவும் அவிழும்.”

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்து காதில் தொங்கியது. “தீர்ப்பை நேற்று நான் சொல்லவில்லை. இன்று நீரே சொல்லிவிட்டீர், குபேரசாமி! பரிசல் அவளுடையது, கைப்பேசியும் அவளுடையது. எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்வாள். அவிழும் பூட்டை!”

குபேரசாமி அவிழ்த்தார். செவந்தி உடனே மாரப்பனின் செயலியைத் தொட்டுப் பார்த்தாள். “முழங்கால் தண்ணிதான்! போயிட்டு வரேனுங்க,” என்று கும்பிட்டுவிட்டு ஆற்றுப்பக்கம் ஓடினாள். கயிறு அவிழ்ந்த பசு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய், பளிங்குத் தரையில் தாராளமாகச் சாணம் போட்டது. மங்களம் என்றார் புரோகிதர்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி ஆண்டியப்பர் கழுத்தில் போட்டார். பிறகு குபேரசாமியைப் பக்கத்தில் அழைத்து, இடுப்பிலிருந்த கைப்பேசியை எடுத்து நீட்டினார்.

“அவிழ்க்கிற கையோடு இதையும் அவிழ்த்துவிடும் ஐயா,” என்றார் மெதுவாக. “என் ராஜமுத்திரையை இதன் முகப்பில் வைக்க மூன்று மாதமாக உம்முடைய அனுமதிக்குத்தான் காத்திருக்கிறேன்.”