துரை துளுக்கினானா?

ஒரு ஊர்ல ஒரு வேலி இருந்துச்சாம். வேலிக்கு இந்தப் பக்கம் பேச்சின்னு ஒரு பொண்ணு, கருவேலங்காய் பொறுக்கிக்கிட்டு இருந்தாளாம். அந்தப் பக்கம் அவ அப்பா இருளப்பன், மாசானம் பூசாரிகிட்டப் பேசிக்கிட்டு இருந்தாராம்.

"நாளைக்குக் காலையில துரைய ஓட்டிட்டு வந்துடுறேன் மச்சான்"னு அப்பா சொன்னது பேச்சி காதுல விழுந்துச்சு. அவ்வளவுதான், மடியில இருந்த காயெல்லாம் சலசலசலன்னு கீழ கொட்டிடுச்சு.

ஏன்னு கேளு. துரைங்கிறது ஆளு இல்ல, அவங்க வீட்டுக் கெடா. கன்னங்கரேல்னு இருப்பான், தாடிய ஆட்டிக்கிட்டு ஊர அதிகாரம் பண்றவன் மாதிரி நடப்பான். கிணத்துல தண்ணி ஊறினா கெடா வெட்டுறேன்னு முனியசாமிக்கு அப்பா நேர்ந்துகிட்டாரு. அப்போ துரை பொறக்கவே இல்ல. இப்போ கிணத்துல தண்ணி களகளன்னு ஊறிடுச்சு. துரையோ பேச்சி கையால தின்னு தின்னு வளந்து நிக்கிறான். ம் சொல்லு கண்ணு.

"ம்."

போய் வேணாம்னு சொல்ல வேண்டியதுதானேங்கிற? அங்கதான் சங்கதியே. அந்த வீட்டுல "இல்ல"ங்கிற வார்த்தை யாரு வாயிலயும் வராது. பானையில அரிசி தீந்து போனாக்கூட "அரிசி நிறைஞ்சிருக்கு"ன்னுதான் அம்மா சொல்லுவா. அப்பாவுக்கு ஒண்ணு பிடிக்கலைன்னா "பார்ப்போம்"பாரு. அதக் கேட்டதுமே மாட்டு வியாபாரி துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவாரு. செவந்தி அத்தை "அட போங்க"ன்னு ஒரு இழுப்பு இழுப்பா. அவ புருஷன் கப்சிப். பேச்சி ஒரு மூலையில உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருப்பா. தானா ஒண்ணும் சொல்லிப் பாத்ததில்ல.

அப்புறம் விடிஞ்சுது. கோயில்ல ஒரே கூட்டம். உடுக்கை டுடும் டுடும்னு அடிக்குது. துரை கழுத்துல மாலை போட்டாங்க, அதுல பாதிய அவனே தின்னுட்டான்.

அந்தக் கோயில்ல ஒரு வழக்கம். கெடா வேணுமான்னு சாமிகிட்டக் கேக்க, கெடா மேல மூணு தடவை மஞ்சத்தண்ணி தெளிப்பாங்க. தலையில இருந்து வால் வரைக்கும் உடம்ப உதறினா, துளுக்கிடுச்சும்பாங்க. சாமிக்குச் சம்மதம். மூணு தடவையும் துளுக்கலைன்னா சாமிக்குக் கெடா வேணாம், பொங்கல் போதும்.

சளப்! முதல் தண்ணி. துரை சுகமாக் கண்ண மூடிக்கிட்டு நின்னான். தினம் பேச்சி குளிப்பாட்டுற கெடா, அவனுக்குத் தண்ணி என்ன புதுசா? வால் மட்டும் வெடுக்குன்னு ஆடுச்சு.

"துளுக்கிட்டான்!"னுது கூட்டம்.

பேச்சி முன்னாடி வந்தா. அப்பா மாதிரியே, "பார்ப்போம்"னா.

"நல்லாப் பாரு தாயி, யாரு வேணாம்னது?"ன்னாரு பூசாரி. பாவம், அப்பா வாயில வேலை செஞ்ச வார்த்தை இவ வாயில செய்யல. நல்லவேளை, "வால் கணக்குல சேராது"ன்னு பூசாரியே மறுபடி செம்ப எடுத்தாரு.

சளப்! தண்ணி மூக்குல ஏறிடுச்சு. அச்ச்ச்!

"தலைய ஆட்டிட்டான்! துளுக்கிட்டான்!"

அப்போ பேச்சி அத்தைய நினைச்சுக்கிட்டு, "அட போங்க"ன்னு இழுத்தா. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. "ஏலே, இருளப்பன் மக வெக்கப்படுறாடோய்!"ன்னு ஒருத்தர் கத்தினாரு. "எம்மருமவளுக்கு அப்படியே என் வாயி!"ன்னு செவந்தி அத்தை கன்னத்தக் கிள்ளினா. பேச்சி வேணாங்கிறான்னு ஒருத்தருக்கும் தோணல. பூசாரிதான், "சீச்சீ, தும்மல் நல்ல சகுனம் இல்ல. இன்னொரு தடவை"ன்னாரு.

மூணாவது தண்ணி. வெயில் ஏறிடுச்சு. எல்லாரு வயிறும் கடமுடாங்குது. குழம்புக்கு மசாலா வேற அரைச்சு வச்சாச்சு. சளப்! துரை அசையல. எங்கிருந்தோ ஒரு ஈ, ஙொய்ய்ய்னு வந்து காதுல உக்காந்துச்சு. காது பட்டுனு ஆடுச்சு.

"துளுக்கிட்டான்!"

"ஆமா!"

"ஆமாமா, நானும் பாத்தேன்!"

பாக்காதவங்கதான் ரொம்பச் சத்தமாச் சொன்னாங்க. பூசாரி அருவாளுக்குக் கைய நீட்டினாரு. என்ன, தூங்கிட்டியா?

"இல்ல, இல்ல! சொல்லு!"

அப்போ பேச்சிக்கு அப்பா வார்த்தையும் ஞாபகம் வரல, அத்தை வார்த்தையும் ஞாபகம் வரல.

"இல்ல!"

டுடும்னு அடிச்ச உடுக்கை அப்படியே நின்னு போச்சு.

"இல்ல. அவன் துளுக்கல. ஈ உக்காந்துச்சு, காது ஆடுச்சு. அவ்வளவுதான்."

பூசாரி திரும்பினாரு. மீசை துடிக்குது. "என்ன தாயி, சாமிகிட்டயே இல்லங்கிறியா?"

"சாமிகிட்ட இல்ல மாமா. உங்ககிட்டதான்."

அம்மாடியோ! பூசாரி கூட்டத்தப் பாத்தாரு. "உடம்பு ஆடினதக் கண்ணால பாத்தவங்க யாருப்பா?"ன்னாரு. நானும் பாத்தேன்னவரு தலையச் சொறிஞ்சாரு. செவந்தி அத்தை மூக்குத்தியத் திருகினா. இருளப்பன் தொண்டையக் கனைச்சாரு. "பார்ப்போம்"னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அத முழுங்கிட்டு, "இல்ல மச்சான். எம்புள்ள சொல்றதுதான் சரி, துளுக்கல"ன்னாரு.

பூசாரி செம்பக் கவுத்து வச்சாரு. "சாமிக்குப் பொங்கலே போதுமாம். அடுப்ப மூட்டுங்கப்பா, வெல்லத்த நிறையப் போடுங்க!"

உலுலுலுன்னு ஒரே குலவை. பேச்சி கயித்தப் பிடிச்சுக்கிட்டு ஓட்டமா ஓடினா. அடுப்புல பொங்கல் பொங்குது, கெடா வீட்டுக்குப் போகுது, நீ தூக்கத்துக்குப் போ.

"அப்புறம் துரை துளுக்கவே இல்லையா?"

துளுக்காம? கோயில் வாசலத் தாண்டினானோ இல்லையோ, தலையில இருந்து வால் நுனி வரைக்கும் சிலுசிலுசிலுன்னு ஒரு உதறு உதறினான் பாரு, பேச்சி பாவாடையெல்லாம் மஞ்சத்தண்ணி. பூசாரி அதப் பாத்துட்டாரு. பாத்துட்டு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, உடுக்கைய எடுத்து டுடும் டுடும்னு அடிக்க ஆரம்பிச்சாரு.