ரோசலினுக்கு ஒரு ஸ்வெட்டர்

ஏற்காட்டுல ஒரு குரு இருந்தாங்க. தாடி கிடையாது, காவி கிடையாது. பேரு பவளக்கொடி, வயசு முப்பதுகூட ஆகல. கையில எப்பவும் ரெண்டு ஊசி ஓடிட்டிருக்கும். மடியில கம்பளி நூல், முழங்காலுக்குப் பக்கத்துல தொறந்தபடி ஒரு புத்தகம். காத்துல பக்கம் புரளாம இருக்க நூல் உருண்டையை அது மேல தூக்கி வச்சிருப்பாங்க.

சிஷ்யை திலகவதி அவங்களைவிட பத்து வயசுக்கு மேல மூத்தவ. இருந்த வேலையை விட்டுட்டு சேலத்துல சட்டம் படிக்கச் சேந்தவ. வாத்தியார் வாயைத் தொறக்கறதுக்குள்ள எதிர்க்கேள்வி போட்டிருவா. மலைக்குப் புதுசா வர்றவங்க திலகவதியைத்தான் குருன்னு நினைச்சுக் கும்பிடுவாங்க. "நான் இல்லங்க, அந்தா உக்காந்திருக்காங்க பாருங்க"ன்னு அவ கை காட்டுவா. அதுல அவளுக்குப் பாதி எரிச்சல், பாதி பெருமை.

அன்னிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி நேரா வந்தா. உக்காரக்கூட இல்ல.

"குருவே, பிரிச்ச நூல்ல என்ன பின்னலாம்?"

"எதைப் பிரிச்ச நூல் அக்கா?"

"இன்னும் பிரிக்கல. பிரிக்கப் போறேன்."

விஷயம் இதுதான். லேடீஸ் ஹாஸ்டல்ல திலகவதிக்கு ஒரு ரூம்மேட், ரோசலின். பதினஞ்சு வருஷமா ஒரே ரூம், ஒரே பக்கெட், ஒரே சண்டை. ரோசலினுக்கு வர்ற வியாழக்கிழமை கல்யாணம். முடிஞ்சதும் புருஷனோட சிம்லா போறா. அங்க குளிருமேன்னு திலகவதி மாசக்கணக்கா ஒரு ஸ்வெட்டர் பின்னிட்டிருந்தா. போன வாரம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஹாஸ்டலுக்கு வந்தாங்க. உங்க ஃபிரெண்டு ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கலன்னு அதுல ஒரு அம்மா கேக்க, ரோசலின் சிரிச்சுக்கிட்டே, அவ வாய்க்கு எவன் வந்து மாட்டுவான்னு சொல்லிட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. அவங்களுக்குக் காபி கொண்டுவந்த திலகவதி டம்ளரோட அப்படியே நின்னா.

அதுல இருந்து ரெண்டு பேரும் பேசிக்கல. ஒருத்தி இந்தச் செவுத்தைப் பாத்துப் படுக்கறா, ஒருத்தி அந்தச் செவுத்தை.

"அவங்க சொன்னது பொய்யா அக்கா?"

"பொய்யா நெசமாங்கறது இங்க கேள்வியே இல்ல. ரூமுக்குள்ள சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன். நாலு பேர் நடுவுல சொன்னா. அது வேற கேஸு."

குரு தலையாட்டினாங்க. வாதம் சரிதான்னு ஒத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு. சண்டைக்குத் தயாரா வந்தவளுக்கு அது பெரிய ஏமாத்தமாப் போச்சு.

உக்காந்தா. குருவோட கூடையை ஒரு பார்வை பாத்தா. தபால்காரருக்கு ஒத்தைக் காலுறை, அதோட ஜோடி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. டீக்கடை கெட்டிலுக்கு ஒரு குல்லா. யாருக்குன்னு முடிவாகாத பாதிப் போர்வை. ஒண்ணையும் முடிக்கறதில்லைன்னு குத்திக் காட்டலாம்னு வாயைத் தொறந்தவ, போர்வையைத் தொட்டதும் மூடிக்கிட்டா. சோளக்கதிர்ல மணி உக்காந்த மாதிரி ஒவ்வொரு பின்னல் கண்ணியும் அளவா, நெருக்கமா. இந்தப் பொண்ணு கையில என்னதான் இருக்கோன்னு நூறாவது தடவையா தோணுச்சு.

அப்புறம்தான் புத்தகத்தைப் பாத்தா. போன மாசம் அவ இங்கயே விட்டெறிஞ்சிட்டுப் போனது. யாரோ ஒருத்தர் காடு காடா நடந்த கதை.

"இதையா படிக்கறீங்க? தேக்குக்கும் சவுக்குக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு எழுதினது."

"ஆமாக்கா, அந்த இடத்துல தப்பாத்தான் இருக்கு. பென்சில்ல திருத்தி வச்சேன்."

"திருத்தினதுக்கு அப்புறமும் படிக்கறீங்களே."

"அடுத்த பக்கத்துல கரடி வருது. அந்த ஆளு மரத்து மேல, கரடி கீழ. விடிய விடிய ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்குதுங்க. என்னமா எழுதியிருக்காரு தெரியுமா."

கரடி வருதுன்னு திலகவதிக்குத் தெரியாது. தெரியாதுன்னு காட்டிக்கவும் இல்ல. பையில இருந்து ஸ்வெட்டரை எடுத்து வீசுற மாதிரி வச்சா.

முதுகுப் பக்கமும் ரெண்டு கையும் முடிஞ்சிருந்துச்சு. முன்பக்கம் கழுத்துக்குக் கிட்ட வந்து ஊசியிலயே நின்னுச்சு. நல்ல நாவப்பழ நிறம்.

குரு அதை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாங்க. "அழகா இருக்குக்கா"ன்னாங்க. குரு வாயில இருந்து அந்த வார்த்தை லேசுல வராது. கோவத்துக்கு நடுவுலயும் திலகவதிக்கு உள்ளுக்குள்ள குளுந்துச்சு.

அப்புறம் குருவோட விரல் வயித்துப் பக்கமா வந்து ஒரு இடத்துல நின்னுச்சு. முன்னால திரும்ப வேண்டிய ஒரு கண்ணி பின்னால திரும்பி, கொசு கடிச்ச மாதிரி புடைச்சிட்டு இருந்துச்சு. அடுத்தவங்க தப்பையெல்லாம் அஞ்சாறு மைல் தள்ளி நின்னே பாக்கற திலகவதி, தன் மடியில இருந்ததைப் பாக்கல.

அது எப்ப ஆச்சுன்னு அவளுக்கு ஞாபகம் வந்திருச்சு. டவுன் பஸ்ல இதைப் பின்னிட்டே போகும்போது, ஹாஸ்டல் வார்டன் சாம்பார் ருசி பாக்கறதை ரோசலின் நடிச்சுக் காட்டினா. சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணி வந்திருச்சு. அந்த வரிசைதான் இது.

"நல்லதாப் போச்சு. பிரிக்கறதுக்கு இன்னொரு காரணம்."

அவ கையை நீட்டறதுக்குள்ள குரு, அந்தப் புடைப்புக்கு நேர் மேல ஊசியில இருந்த ஒரே ஒரு கண்ணியை நழுவ விட்டாங்க. அப்படியே இழுத்தாங்க. படபடன்னு அது ஒவ்வொரு வரிசையா அவுந்து கீழ இறங்குச்சு. நட்ட நடுவுல ஏணி மாதிரி ஒரு பள்ளம்.

"ஐயோ, என்ன பண்றீங்க, ஓடுது பாருங்க, பிடிங்க பிடிங்க."

குரு நிமிந்து பாத்தாங்க.

"முழுசாப் பிரிக்கத்தானே அக்கா கொண்டுவந்தீங்க?"

ரெண்டு கையாலயும் அந்த ஸ்வெட்டரோட ஓரத்தைப் பிடிச்சிட்டிருக்கோம்ங்கறதே அப்பத்தான் திலகவதிக்குத் தெரிஞ்சுச்சு.

புடைச்ச கண்ணி வரைக்கும் இறங்கினதும் குரு நிறுத்தினாங்க. கூடையில இருந்து ஒரு குரோஷா கொக்கியை எடுத்தாங்க. அந்தக் கண்ணியை முன்பக்கமாத் திருப்பி, அதுக்கு மேல இருந்த நூலைக் கொக்கியில மாட்டி இழுத்தாங்க. அப்புறம் அடுத்தது. அதுக்கப்புறம் அதுக்கு அடுத்தது. பாதி ஏறினதும் கொக்கியைத் திலகவதி கையில குடுத்துட்டு, புத்தகத்தை எடுத்துக் கரடியோட உக்காந்துட்டாங்க.

திலகவதி மெதுவா ஏறினா. ரெண்டு தடவை வழுக்குச்சு. ஒரு தடவை ரோசலினைத் திட்டினா, ஒரு தடவை தன்னையே திட்டிக்கிட்டா. கடைசிக் கண்ணியை ஊசியில ஏத்தி முடிச்சப்ப மலையில பனி இறங்க ஆரம்பிச்சிருந்துச்சு.

தடவிப் பாத்தா. புடைப்பு இல்ல. ஆனா அந்த ஒரு கோடு மட்டும் பக்கத்துல இருந்ததைவிடக் கொஞ்சம் இறுக்கமாத் தெரிஞ்சுச்சு.

"இது இப்படியேதான் இருக்குமா?"

"ஒரு தண்ணி அலசினாக் கொஞ்சம் அடங்கும். அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

"ரோசலினுக்கு?"

"அவங்களுக்குக் குளிர் தெரியும்."

திலகவதி ஸ்வெட்டரை மடிச்சா. அது அவளுக்குத் திருப்தியா இல்ல. விரிச்சுத் திரும்ப மடிச்சா. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. ஆனா கழுத்துப் பட்டை பின்னணும், நாலு துண்டையும் சேத்துத் தைக்கணும், வியாழக்கிழமைக்குள்ள. எழுந்து நின்னா. வாசல் வரைக்கும் போனவ, தோத்துட்டுப் போறது பிடிக்காம திரும்பினா.

"சரி, இந்தத் தடவை விட்டேன்னு வச்சுக்குவோம். அவளுக்கு வாய் சும்மா இருக்காது, எனக்கும் சும்மா இருக்காது. நாளைக்கு சிம்லாவுல யார் முன்னாடியாவது மறுபடியும் இப்படியே சொன்னா?"

கொக்கி இன்னும் அவ கையிலயே இருந்துச்சு. திருப்பிக் குடுக்க நீட்டினா.

குரு பக்கத்தைப் புரட்டிட்டே சொன்னாங்க.

"வச்சுக்கங்கக்கா. என்கிட்ட இன்னும் நாலு இருக்கு."