அஞ்சு போட்டுக்கு ரெண்டு கேன் தண்ணி

ஏலே, ஒன்பதாம் வகுப்ப ரெண்டு ரெண்டு தடவ படிச்ச மேதைகளா, சிரிக்காம கேளுங்க. நானும் உங்க கூட்டந்தான்.

நம்ம ரொட்ரிகோ முதலாளிக்கு அஞ்சு போட்டு. கடலுக்குப் போற அன்னைக்கு ஐஸ் கம்பெனிச் செவுத்துல கரித்துண்டால கணக்குப் போட்டாரு. ஒரு போட்டுக்கு ரெண்டு கேன் தண்ணி. டீசல் எத்தனை கேன்னு இன்னும் முடிவு பண்ணல, அதனால அது எக்ஸ். ஆக 5(x + 2). அடுத்த வரியில அடைப்பைப் பிரிச்சாரு: 5x + 2.

"அஞ்சு போட்டுக்கும் சேத்து ரெண்டே கேனா முதலாளி?"ன்னு சமையக்காரன் சிலுவை கேட்டான்.

"அல்ஜீப்ரால நான் நூத்துக்கு நூறுல! நீ போய் சோத்தப் பொங்கு."

நாலு நாள் நடுக்கடல்ல உப்புத் தண்ணியவா குடிக்க? தண்ணி ரூம் சாவியோ அவரு இடுப்புல. ரெண்டு கேனும் முதல் போட்டுல ஏறிருச்சு.

துறைமுக வாய் வரைக்கும் கடைசி போட்டுல வந்து வழியனுப்புறது முதலாளிக்கு ஒரு கௌரவம். சிலுவை பவ்யமா கருவாட்டுத் தொவையல நீட்டுனான். ஒரு வாய்தான். அவரு கண்ணு செவந்துருச்சு.

"தண்ணி! தண்ணி குடுல!"

"அது முதல் போட்டுல இருக்கு முதலாளி. உங்க அஞ்சு டீசலோட நின்னுபோச்சு, தண்ணிப் பக்கம் வரல. டீசல் வேணா ஊத்தவா?"

விக்கலோட அவரு கத்துனது எங்க போட்டு வரைக்கும் கேட்டுச்சு. "அஞ்சு எக்ஸ் கூட்டல் பத்து! பத்துல! எல்லாப் போட்டையும் திருப்புங்க!"

நான் என்ன செஞ்சேன்னா கேக்கியள? முதல் போட்டுல அந்த ரெண்டு கேன் மேல உக்காந்து, வாயே தொறக்கல. எனக்குத்தான் தண்ணி இருந்துச்சே.