கேக்குதா டீச்சர்?

உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே இதைச் சொல்கிறேன். ஒன்றிரண்டு கல் தப்பினால் என்னைத் திட்டக்கூடாது.

ஒத்தைப்பனங்குளம் என்று ஒரு ஊர். அங்கே ஆவுடையம்மாள் என்று ஒரு பாட்டு டீச்சர். அவர் வீட்டில் இன்னொரு ஆள் உட்கார வேண்டுமென்றால் அடுப்பில்தான் உட்காரணும். அதனால் போனிலேயே வீடியோ வகுப்பு. படித்தது பூதலிங்கம், சுடலைமுத்து, பகவதி என்று மூணு பேர். மூணு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருக்கலாம். அது யாரிடம் இருந்தது என்றுதான் தெரியவில்லை.

முதல் நாளே டீச்சர், "எல்லாரும் மைக்கை அணைச்சு வைங்க. நான் எப்படிப் பாடுறேனோ அப்படியே பாடணும், இம்மி பிசகக்கூடாது" என்று சொல்லிவிட்டார். மறுபடி திறக்கச் சொல்ல மறந்துபோனார். அவர்களும் வருஷம் முழுக்கத் திறக்காமலே பாடினார்கள். தன் போன்தான் பழசு, அதான் சத்தம் வரவில்லை என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். வாய் நன்றாக அசைந்தது, போதாதா?

அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. கோயில் தலைவர் டீச்சரிடம், பிள்ளைகள் கொடையில் ஒழுங்காகப் பாடிவிட்டால் கோயில் மண்டபத்தையே வகுப்புக்குத் தருகிறேன் என்றார். டீச்சருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இனி நேரிலேயே சொல்லிக்கொடுக்கலாமே. கொடைக்கு முன்னால் ஒருதடவை வீட்டு வாசலுக்கு வந்து பாடிக்காட்டுங்கள் என்று மூணு பேரையும் கூப்பிட்டார்.

மூணு பேரும் கூடி யோசித்தார்கள்.

"போன்ல டீச்சர் கழுத்து வரைக்கும்தான் வாராங்க" என்றான் பூதலிங்கம். "நேர்ல முழுசா வருவாங்க. மீதி டீச்சர்கிட்ட நாம படிச்சதே இல்லையே."

"இத்தனை மாசத்துல நம்மகிட்ட ஒரு தப்பு சொல்லியிருக்காங்களா? நேர்ல போனா சொல்லுவாங்க. அப்போ தப்பு எங்க இருக்கு? நேர்லதான இருக்கு" என்றாள் பகவதி.

"அதோட நேர்ல கொட்டாவி விட்டா, படத்தை அணைக்க முடியாதுல்லா" என்றான் சுடலைமுத்து.

அதனால் மூணு பேரும் போகவில்லை.

கொடையன்று மேடை ஏறினார்கள். "தாயே உன் வாசல்" என்று எடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. "வாசல்" வந்ததும் மூணு பேரும் வாயைத் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடி, சிலையாக நின்றுவிட்டார்கள். இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு வகுப்பில் அந்த இடத்தில்தான் நெட் நின்றது. டீச்சர் முகம் அப்படித்தான் நின்றது. இம்மி பிசகக்கூடாதே.

கொஞ்ச நேரம் கழித்து மூணு பேரும் ராகத்தோடு, "கேக்குதா... எல்லாருக்கும் கேக்குதா..." என்று இழுத்தார்கள். "கேக்குது, கேக்குது" என்று சனம் பதில் சொன்னது.

கீழே நின்ற டீச்சர், போதும் என்று வாயில் விரலை வைத்தார். உடனே மூணு பேரும் சத்தத்தை அணைத்துவிட்டு, வாயை மட்டும் அசைத்துப் பாட்டை முடித்தார்கள்.

கோயில் தலைவருக்கு ஆத்திரம், மைக்செட்காரர்மேல். "பிள்ளைங்க வாய் வலிக்கப் பாடுது, உன் மைக் ஒழுங்கா இருக்கா?" என்று ஏசிவிட்டு, பாவம் பார்த்து மண்டபத்தைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் டீச்சர் புதுப் பாய் விரித்து நடுவில் உட்கார்ந்தார். மூணு பேரும் வந்து ஆளுக்கொரு மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். டீச்சர் மடியில் போன் அடித்தது.

"ஏ பிள்ளைகளா, நான் இங்கதான இருக்கேன்?"

"அதான் டீச்சர் சிக்னல் இவ்வளவு நல்லாருக்கு. போனை எடுங்க" என்றான் பூதலிங்கம், திரும்பாமலே.

டீச்சர் என்ன செய்வார்? எடுத்தார். பாடுங்கள் என்றார். மூணு பேரும் தாளம் போட்டு, சத்தமில்லாமல் பாடினார்கள். எட்டிப்பார்த்த கோயில் தலைவர் பதறிப்போய் மைக்செட்காரரைக் கூட்டிவர, அவர் பூதலிங்கத்தின் வாயைப் பிளந்து, டார்ச் அடித்து, உள்ளே எந்த ஒயர் அறுந்திருக்கிறது என்று தேடத் தேட, பின்னால் நின்ற பகவதி தன் வாயையும் திறந்து வைத்துக்கொண்டு என்ன கேட்டாள் என்றால்... இந்தா வாரேன் அத்தை, பிள்ளை முழிச்சிட்டானா, உளுந்தை மட்டும்