ஆறுக்குக் கீழே எக்ஸ்

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தாறு. சீடருக்கு முப்பத்தெட்டு. தாடியும் சீடருக்குத்தான்.

சீடர் பெயர் எபநேசர். பாளையங்கோட்டையில் ஒரு மொத்த மருந்துக் கடையில் கணக்கு பார்க்கிறவர். எம்.பி.ஏ. நுழைவுத்தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை மண்ணைக் கவ்வியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை எழுதப்போவதுதான் கடைசி என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பயிற்சி மையத்தில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். எபநேசர் கிளம்பவும் இல்லை, உட்காரவும் இல்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக ஜன்னலுக்கும் பெஞ்சுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

குருவான ஷமீமா மேடம் போர்டை அழித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், சமன்பாடெல்லாம் கரெக்டா வருது. இந்த அசமன்பாடு வந்தா மட்டும் சறுக்குது. எங்கதான் தப்பு பண்றேன்?"

ஷமீமா போர்டில் எழுதினார்: 6/x < 2.

எபநேசருக்கு இதெல்லாம் ஊதித் தள்ளுகிற கணக்கு. இரண்டு பக்கமும் எக்ஸால் பெருக்கினார். கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிட்டது.

"எக்ஸ் மூணை விடப் பெருசு."

"எக்ஸுக்கு மைனஸ் ஒண்ணு போட்டுப் பாருங்க அண்ணாச்சி."

போட்டார். மைனஸ் ஆறு வந்தது. அது இரண்டை விடச் சின்னதுதான். ஆனால் அவருடைய விடையில் மைனஸ் ஒன்றுக்கு இடமே இல்லை. முகம் சுண்டிப்போயிற்று.

"எக்ஸால பெருக்குனீங்களே, அது பிளஸ்ஸா மைனஸான்னு பாத்தீங்களா?"

"பிளஸ்ஸுன்னு வச்சுக்கிட்டேன்."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை.

"மைனஸா இருந்தா குறி திரும்பிரும். தெரியாதப்ப ரெண்டையும் தனித்தனியா போட்டுப் பாக்கணும்."

"தெரியும் மேடம். அவசரத்துல விட்டுப்போகுது."

"அப்படி என்ன அவசரம்?"

கேட்டதுதான் தாமதம், எபநேசர் கொட்டிவிட்டார்.

"சீட் கிடைச்சா குடும்பத்தோட சென்னைக்குப் போகணும். கடைசி நேரத்துல அலைய வேண்டாம்னு மகளுக்கு ஸ்கூல்ல டி.சி. வாங்கிட்டேன். திங்கக்கிழமை அவ இடத்துல வேற பிள்ளையைச் சேக்கப் போறாங்களாம். அதுலருந்து வீட்டுக்காரி என்கூட பேசுறதில்லை. இனி நான் பாஸாகியே தீரணும். புக்கைத் திறந்தா எழுத்தா தெரியுது? பிள்ளை முகந்தான் தெரியுது."

பேனா மூடி கை தவறிப் பெஞ்சுக்கடியில் உருண்டது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.

"சொல்லுங்க மேடம். நான் தேறிருவேனா?"

"தெரியாது அண்ணாச்சி."

எபநேசருக்குச் சுருக்கென்றது. ஒப்புக்காவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

"எல்லாருக்கும் தைரியம் சொல்லுவீங்க. எனக்கு மட்டும் தெரியாதுன்னு சொல்றீங்களா? சரி, இன்னும் பத்து கணக்கு கொடுங்க. இங்கயே இருந்து போட்டுட்டுப் போறேன்."

ஷமீமா குனிந்து பேனா மூடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதுலயும் பிளஸ்ஸுன்னே வச்சுக்கிட்டீங்க. டி.சி. எங்க இருக்கு?"

"வீட்ல, பீரோவுல."

"நாளைக்கு சனிக்கிழமை. ஸ்கூல் ஆபீஸ் மத்தியானம் வரைக்கும் திறந்திருக்கும். திருப்பிக் கொடுத்துட்டு வாங்க, மிச்சக் கணக்கைப் போடுவோம்."