பானைக்குள் கேட்ட சலங்கை

முன்னொரு காலத்தில், எதிரியின் யானைப் படையைக் கண்டால் கொட்டாவி விடும் ராஜா ஒருவர் இருந்தார். ஆனால் பல்லி கத்தினால் போதும், அவருக்குத் தொடை நடுங்கும். பெயர் மகிழவர்மர். நந்தவன மண்டபத்தில், செத்துப்போன நாட்டியக்காரியின் பேய் உலவுவதாக அரண்மனை ஜோதிடர் அம்பலவாணர் சொன்னாலும் சொன்னார், அன்று முதல் ராஜா அந்தப் பக்கம் போனாலே காதில் சலங்கை ஒலித்தது. ராஜாவுக்குக் கேட்டால் சபைக்குக் கேட்காமல் இருக்குமா? தளபதிக்கு மல்லிகை வாசமே வந்தது.

விகடகவி செங்கோடனுக்கு மட்டும் சிரிப்பு வந்தது. அவன்மீது நெடுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த ஜோதிடருக்கு அது போதாதா?

“பிரபோ! பேயைப் பழித்தவன் நாட்டில் இருந்தால் தங்களுக்கு ஆகாது. அவனே அதைப் பிடித்து வரட்டும்; இல்லையேல் நாடு கடத்துங்கள்.”

“அப்படியே ஆகட்டும். நாளை உச்சிப்பொழுதுக்குள் மண்டபத்துப் பேய் என் முன்னால் இருக்க வேண்டும்!” என்றார் ராஜா.

பாவம் செங்கோடன்! பிள்ளைகுட்டிகளோடு எந்த ஊருக்குப் போவான்? ஆனாலும் மறுநாள், மஞ்சள் துணியால் வாய் கட்டி வேப்பிலை செருகிய பானையைச் சுமந்துகொண்டு சபைக்கு வந்து சேர்ந்தான்.

“பிடித்துவிட்டேன் அரசே! ஆனால் எனக்கும் இதற்கும் முன்பின் பழக்கமில்லை. பழகியவர்கள்தான் இதுதானா என்று சொல்ல வேண்டும்.”

ராஜா பயந்து பயந்து பானையில் காதை வைத்தார். “ஐயோ, சலங்கை!” என்று அலறிச் சிம்மாசனத்தின்மேல் ஏறி நின்றுகொண்டார். தளபதி மோந்து பார்த்து, “அதே மல்லிகை!” என்றார்.

ஜோதிடர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. இல்லை என்றால் ராஜாவின் காதைப் பழித்ததாகும். மென்று விழுங்கி, “அவளேதான்,” என்றார்.

செங்கோடன் சம்மணம் போட்டு உட்கார்ந்து துணியை அவிழ்த்தான். உள்ளே பழைய சோறும் சின்ன வெங்காயமும்! ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டுக்கொண்டான்.

“அடேய், பேய் எங்கே?”

“இதுதான் அரசே. அதே பேய் என்று மூவரும் ஒப்புக்கொண்டீர்களே! மண்டபத்திலும் இதற்குமேல் ஒன்றுமில்லை. இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காதை வைத்தால், பழைய சோறுகூடச் சலங்கை கட்டி ஆடும்.”

ராஜாவின் தொந்தி முதலில் குலுங்கியது. பிறகு சிரிப்பு வெடித்தது. சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவர், அந்த மண்டபத்தையே செங்கோடன் குடியிருக்கக் கொடுத்தார். அதைத் தினமும் பெருக்கும் வேலையை ஜோதிடருக்குக் கொடுத்தார். பிறகு பானை அருகே உட்கார்ந்து கையை நீட்டினார்.

செங்கோடன் ஒரு கவளம் வைத்தான். “மல்லிகை மணக்கிறதா அரசே?”

“வெங்காயம் மணக்கிறதடா!” என்றார் ராஜா வாய் நிறையச் சோற்றோடு. “இன்னொரு கவளம் வை!”