சத்தம் வராத பக்கம்

"இதயத்தை ஒழுங்காகத்தான் தைக்கிறேன், மேடம். ஆனால் சிலர் கை கால் விழுந்துபோய்த்தான் கண் விழிக்கிறார்கள். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?"

கேட்டவர் தீனதயாளன். மதுரையில் இருபது வருடமாக நெஞ்சைத் திறந்து பழகியவர். போன மாதம் அவரிடம் பைபாஸ் செய்துகொண்ட ஒருவர் பக்கவாதத்தோடு வீடு திரும்பினார். அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. மூளை மருத்துவர் பரீதா அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அவரிடம்தான் கற்க வந்திருந்தார்.

மறுநாள் பைபாஸ், குருவையாவுக்கு. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏலம் விடுகிறவர். வாய்தான் பிழைப்பு.

வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்ததில் ஆபத்து நூற்றுக்கு இரண்டுதான் என்று தீனதயாளன் ஒரு தாளை நீட்டினார்.

பரீதா அதை வாங்கவில்லை.

"அந்த இரண்டு பேரில் இவர் ஒருவரா சார்?"

தீனதயாளன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

நோயாளியின் கட்டிலருகே அழைத்துப்போய், ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொள்ளச் சொன்னார் பரீதா. அதன் முனையைப் பிடித்து, குருவையாவின் கழுத்தில் வலப்பக்கம் வைத்தார். குருவையாவை மூச்சை அடக்கச் சொன்னார்.

உஸ்... உஸ்... ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சீறல்.

ஆயிரக்கணக்கான நெஞ்சுகளைக் கேட்ட காது அது. கழுத்துவரை ஏறியதே இல்லை. தீனதயாளனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"மூளைக்குப் போகிற குழாய் சுருங்கியிருக்கிறது, மேடம்! பிடித்துவிட்டேன்!"

அதே வேகத்தில் இடப்பக்கம் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"இந்தப் பக்கம் சுத்தம்."

"அடியோடு அடைத்துக்கொண்ட குழாய் சத்தம் போடுமா சார்?"



தீனதயாளன் மெல்ல ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார். கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த குருவையாவின் மனைவி பேச்சியம்மாளிடம் போனார்.

"அம்மா, இவருக்கு எப்பவாவது, கொஞ்ச நேரமாவது, பேச்சு குழறியிருக்கா? கை சோர்ந்திருக்கா?"

பேச்சியம்மாள் புருஷனைப் பார்த்தாள்.

"போன மாசம் ஏலத்துக்கு நடுவுல அஞ்சு நிமிஷம் பேச்சே வரல சார். வலது கையும் தொவண்டு போச்சு. அப்புறம் தானா சரியாயிருச்சு. யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல."

பேச்சையும் வலது கையையும் ஆள்வது மூளையின் இடப்பக்கம், சத்தம் வராத அதே பக்கம். தீனதயாளன் போனை எடுத்தார். முகம் மலர்ந்திருந்தது.

"ஆபரேஷன் தியேட்டரா? நாளைக்கு நெஞ்சைத் தொடப்போவதில்லை. இன்றைக்கே கழுத்துக்கு ஸ்கேன் எடுக்கணும். ரெண்டு பக்கமும்."